முக்கோணத்துக்கு ஏது மதம்?

ஏலக்காய் ஒன்றை எடுத்துக் குறுக்கே அறுத்துப் பாருங்கள், தோழர்களே! மூன்று பக்கம், மூன்று அறை, அறைதோறும் அடுக்கி வைத்தாற்போல் விதைகள். முனை மழுங்கிய முக்கோணம் ஒன்று உங்கள் விரல்களுக்கிடையே இருக்கும். அந்த முக்கோணத்தை நம்பித்தான் போடிநாயக்கனூர் கண் விழிக்கிறது. பொழுது புலருமுன் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டுக்கு அப்பாலுள்ள தோட்டங்களுக்குச் செல்லும் தாய்மார்கள் பொழுது சாயும் வரை பறிப்பது முக்கோணம். அது உலர்ந்து கீழே வந்து சேர்ந்தபின், சல்லடையில் சலித்து, தரையில் அமர்ந்து, பெரியது வேறு சிறியது வேறு, பச்சை வேறு பழுப்பு வேறு எனப் பெண்கள் பிரித்தெடுப்பதும் முக்கோணம். ஏல மையத்தில் விலை ஏறினால் ஊர் சிரிக்கிறது. இறங்கினால் ஊர் சோர்கிறது. முக்கோணம் இவ்வூருக்குச் சோறு.

அதே ஊரில் வேறொரு முக்கோணமும் உலவுகிறது. இக்கட்டுரையை எழுதத் தூண்டியது அதுதான்.

இவ்வூர்ப் பள்ளியொன்றில் நாம் ஆசிரியப் பணி புரிகிறோம். ஒருநாள் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு வி. விசுவநாதன் என்ற ஓவியரின் படமொன்றின் அச்சுப்படியைக் காட்டினோம். ஒன்றோடொன்று முட்டியும், ஒன்றன்மேல் ஒன்று படிந்தும் நிற்கும் முக்கோணங்கள். வேறு உருவம் ஏதும் இல்லை. "என்ன தெரிகிறது?" என்று கேட்டோம். பின் வரிசையிலிருந்து மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், இது எந்தச் சாமித் தகடு?" என்றான்.

வகுப்பு சிரிக்கவில்லை. ஏன் சிரிக்க வேண்டும்? அவர்களுள் பலர் வீட்டு நிலைப்படியில் செப்புத் தகடு தொங்குகிறது. தகட்டிலே முக்கோணம், முக்கோணத்தைச் சுற்றி வட்டம், வட்டத்தைச் சூழக் கட்டம். 'எந்திரம்' என்பது அதற்கு இட்ட பெயர். அவ்வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய், மலையிலே காய் எடுத்து இரண்டு வாரம் ஈட்டிய கூலியை, மகளின் படிப்புக்குக் கண்ணேறு படாதிருக்க அத்தகைய தகடொன்றுக்குக் கொடுத்ததை நாம் அறிவோம். அப்பணத்தில் அந்தப் பெண்ணுக்கு ஓராண்டுக்கான நோட்டுகள் வாங்கியிருக்கலாம். வடிவியல் பெட்டி ஒன்றும் வாங்கியிருக்கலாம். அப்பெட்டிக்குள்ளும் ஒரு முக்கோணம் உண்டு. மூலைமட்டம் என்று அதைச் சொல்கிறோம்.

ஆக, மூன்று முக்கோணங்கள் நம் முன் நிற்கின்றன. தகட்டிலுள்ளது அச்சத்தை விலைக்கு விற்கிறது. பெட்டியிலுள்ளது அளக்கக் கற்றுத் தருகிறது. மூன்றாவது ஓவியத்திலுள்ளது. இந்த மூன்றாவது, முன்னிரண்டில் எதற்கு உறவு? மாணவன் கேட்டது இதைத்தான். விடை சொல்ல அன்று நம்மால் இயலவில்லை. இன்று முயல்கிறோம்.

ஓவியம் பேச இதுவா நேரம்?

"கூலி உயர்வைப் பற்றி எழுதலாம், சாதிக் கொடுமையைப் பற்றி எழுதலாம். கட்டத்தையும் வட்டத்தையும் பற்றி எழுத வந்துவிட்டீரே! பணக்காரன் வரவேற்பறையில் மாட்டும் படத்துக்கும் பாட்டாளிக்கும் என்ன தொடர்பு?" என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். ஞாயமான கேள்வி. நமக்கும் அந்த ஐயம் இருந்தது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலம் இந்நாட்டில் ஓவியம் என்றால் என்ன பொருள்? கடவுளின் கதை, மன்னனின் முகம். நம் ஊர்ச் சமீன் அரண்மனைச் சுவரிலும் இராமாயணம் தீட்டப்பட்டிருக்கிறது. வண்ணம் குழைத்தவன் திறமையில் குறையில்லை. ஆனால் தீட்டவேண்டியது எது என்பதை அவனா முடிவு செய்தான்? புராணம் முடிவு செய்தது, அரண்மனை ஒப்பியது. கைவண்ணம் அவனுடையது, கருத்து பிறருடையது.

உருவத்தையே நீக்கிவிட்டு, கோடு, கோணம், வட்டம், நிறம் இவற்றை மட்டும் வைத்து ஓவியம் செய்யலாம் என்று கடந்த நூற்றாண்டில் கலைஞர்கள் துணிந்தார்களே, அது சிறு செயலன்று. சிலையைக் காட்டாமலே சிந்திக்க வைக்கும் கலை அது. 'வடிவியல் அருவ ஓவியம்' என்று அதைக் குறிப்போம். பகுத்தறிவாளர் வரவேற்க வேண்டிய கலை என்றுதான் முதற்பார்வைக்குத் தோன்றும். ஆம், தோன்றும். உண்மையில் நடந்தது என்ன?

காலியான மூலை

1915ஆம் ஆண்டு திசம்பர் மாதம். உருசிய நாட்டுப் பெத்ரோகிராது நகரில் ஓர் ஓவியக் கண்காட்சி. கசிமிர் மலேவிச் என்பார் அதில் ஒரு படத்தை வைத்தார். வெண்ணிறத் தளத்தில் ஒரு கருஞ்சதுரம். அவ்வளவே. அதை அவர் மாட்டிய இடம்தான் கருதத்தக்கது. இரு சுவர்கள் கூடும் மூலையிலே, கூரையை ஒட்டி மாட்டினார். உருசிய வீடுகளில் அந்த மூலை திருவுருவப் படத்துக்கு உரியது. திருவுருவம் இருக்கவேண்டிய மூலையில் சதுரம் வந்து அமர்ந்தது!

இதை இரு வகையாகக் கொள்ளலாம். 'கடவுளை இறக்கிவிட்டான் கலைஞன்' என்பது ஒன்று. 'சதுரத்தையே கடவுளாக்கிவிட்டான்' என்பது மற்றொன்று. இரண்டுக்கும் அப்படத்தில் இடமிருக்கிறது. அருவ ஓவியத்தின் வரலாறு முழுவதும் இந்த இழுபறி தொடர்கிறது. இறக்கிய இடத்தில் எதை ஏற்றுவது? ஒன்றையும் ஏற்றாமல் மூலையைக் காலியாக விட மனிதனுக்குத் துணிவுண்டா?

மேனாட்டார் பலருக்கு அத்துணிவு முழுமையாக இல்லை. நேர்க்கோட்டையும் செங்கோணத்தையும் மூன்று முதல் நிறங்களையும் தவிர வேறெதையும் ஏற்காத பியட் மாண்ட்ரியன் என்ற ஆலந்து நாட்டு ஓவியர், 1909இல் பிரம்மஞான சபையின் உறுப்பினரானவர். அருவ ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான வசீலி கண்டின்ஸ்கியும் அச்சபையின் எழுத்துகளைப் படித்து அதன் பால் ஈர்க்கப்பட்டவர். அச்சபையின் தலைமையகம் எங்கே இருக்கிறது? நம் சென்னையில், அடையாற்றில்! 1882 முதல் அங்குதான் இருக்கிறது. அடையாற்றிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன மறைபொருட் பேச்சு, அரை நூற்றாண்டு கழித்து, 'நவீன ஓவியம்' என்ற சட்டையை அணிந்துகொண்டு சென்னைக்கே திரும்பி வந்தது. இங்கே அதற்கு மாலையிட ஆட்களும் ஆயத்தமாக இருந்தனர்.

அதே உருசியாவில் வேறு வழியும் இருந்தது என்பதை மறக்கலாகாது. எல் லிசிட்ஸ்கி என்பார் உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1919-20இல், ஒரு சுவரொட்டி வரைந்தார். வெள்ளை வட்டத்தைச் சிவப்பு முக்கோணம் ஆப்புப்போல் பிளந்து செல்கிறது. புரட்சிப் படை எதிரியைப் பிளக்கிறது என்பது பொருள். எழுத்தறியாத உழவனுக்கும் விளங்கக்கூடியது அந்த வடிவம். முக்கோணம் தியானம் செய்யவும் கூடும். போர் புரியவும் கூடும். எதைச் செய்வது என்பதை முக்கோணம் முடிவு செய்வதில்லை. அதைக் கையில் எடுப்பவன் முடிவு செய்கிறான்.

கணக்கு நோட்டும் ஜாதகக் கட்டமும்

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னையில் பெரியார் ஈ.வெ.ரா. சாலையில் இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக விளங்கும் நிறுவனம், 1850இல் அலெக்சாண்டர் அண்டர் என்ற மருத்துவரால் தொடங்கப்பட்டது. அங்கே 1957 வரை முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சவுத்ரி செய்ததுதான் மெரினா கடற்கரையில் 1959இல் எழுந்த உழைப்பாளர் சிலை. பாறையை நெம்பும் நால்வரின் முறுக்கேறிய தசைகளைக் காணாத தமிழர் உண்டோ? அவருக்குப்பின் 1957 முதல் 1967 வரை முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோவையில் பிறந்தவர், 1977இல் மறைந்தவர். மாணவரோடு மாணவராய் நின்று, புதியன தேடத் தூண்டிய ஆசிரியர்.

1963 முதல் பணிக்கர் தீட்டிய 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை, தென்னாட்டு நவீன ஓவியத்தின் திருப்புமுனை. அதற்கு வித்திட்டது மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டு என்பது அவரைப் பற்றி எழுதியோர் தரும் செய்தி. பக்கம் முழுதும் சமன்பாடுகள், கோணங்கள், எண்கள். கணக்கு விளங்காத கண்ணுக்கு அப்பக்கமே ஒரு படம். எத்துணை அழகிய தொடக்கம்! கோவில் கோபுரத்தில் தொடங்கவில்லை. பள்ளிக்கூட நோட்டிலே தொடங்கிற்று.

அப்படங்களைக் காண விரும்புவோர் சென்னைக்கருகே சோழமண்டலத்தில் 2009இல் திறக்கப்பட்ட காட்சிக்கூடத்துக்குப் போகலாம். திருவனந்தபுரம் அருங்காட்சியக வளாகத்தில் அவர் பெயரால் தனிக்கூடமே இருக்கிறது. என்ன இருக்கிறது அவற்றில்? வெளிறிய தளம், எழுத்துப்போல் தோன்றி, படிக்கப்போனால் படிக்க வராத வரிவரியான கீறல்கள், கட்டங்கள், முக்கோணங்கள், இடையிடையே சின்னஞ்சிறு உயிரினங்களும் குறிகளும். நாள் செல்லச்செல்ல, கணக்கு நோட்டின் சாயல் குறைந்து ஜாதகச் சுவடியின் சாயல் மிகுந்தது.

இங்கேதான் நாம் நின்று சிந்திக்கவேண்டும். ஜாதகக் கட்டம் ஓவியத்தில் வந்தது என்பதற்காகவே அதைப் பழிப்பது பகுத்தறிவாகாது. நம் கருத்தைச் சொல்லுகிறோம். பணிக்கரின் சிறந்த படங்களில் அந்தக் கட்டம் செத்துவிட்டது. அதில் யாருடைய பிறந்த நாளும் இல்லை. எந்தக் கோளும் இல்லை. எந்தப் பெண்ணின் திருமணத்தையும் அது தடுக்காது. படிக்கவொண்ணாத எழுத்து யாரையும் அதட்ட முடியாது. 'நான் வேதம், நான் விதி' என்று ஆயிரம் ஆண்டு மிரட்டிய சுவடி, வெறும் கோடும் மையுமாய்க் கண்முன் கிடக்கிறது. அதன் அழகை அச்சமின்றி நோக்கலாம். பணிக்கர் இதைக் கருதினாரோ, கருதவில்லையோ, படம் அதைச் செய்கிறது. கலைஞன் எண்ணியதைவிடப் படைப்பு அதிகம் சொல்வதுண்டு.

ஆனால் போற்றியவர்கள் என்ன செய்தார்கள்? 'பாரதத்தின் பழம்பெரும் மறைஞானம்' என்றார்கள். 'ஆன்மாவின் மொழி' என்றார்கள். செத்த கட்டத்துக்கு மறுபடி உயிர் ஊதினார்கள்.

தந்திரம் என்ற தந்திரம்

1966இல் பணிக்கரும் அவர் மாணவர்களும் சேர்ந்து சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை நிறுவினர். பத்திக் துணி முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு நிலம் வாங்கிக் குடியேறினர். கலைஞன் தன் கையுழைப்பால் வாழலாம், கூடி வாழலாம் என்று காட்டிய முயற்சி. தலைவணங்கத்தக்கது.

அக்கிராமத்தை நிறுவியோருள் இருவர் வடிவியலை முழுமையாகப் பற்றிக்கொண்டனர். ஒருவர், 1937இல் கண்ணூரில் பிறந்து 2014இல் மறைந்த கே.வி. அரிதாசன். மற்றவர், 1940இல் கொல்லம் பகுதியில் பிறந்து, சென்னையில் பயின்று, 1968இல் பாரிசில் குடியேறிய விசுவநாதன்.

அரிதாசனின் படங்களுக்கு 'யந்திரம்' என்றும் 'பிரம்ம சூத்திரம்' என்றும் பெயர். நடுவே ஒரு மையம். இருபுறமும் பிசகாத சமநிலை. வட்டமும் முக்கோணமும் மையத்தைக் காவல் செய்து நிற்கும். வண்ணத்தை ஒழுங்கு செய்வதில் அவர் வல்லவர் என்பதை மறுக்கமாட்டோம். ஆயினும் அப்படங்களின் முன் நிற்கும்போது, நாம் பார்ப்பதற்கு அழைக்கப்பட்டோமா, வணங்குவதற்கு அழைக்கப்பட்டோமா என்ற ஐயம் எழுகிறது. மையத்தை நோக்கியே கண்ணைக் கட்டி இழுக்கிறது படம். சுற்றித் திரிந்து, வேறு வழி கண்டு, கேள்வி கேட்டுத் திரும்பக் கண்ணுக்கு விடுதலை இல்லை. போதாக்குறைக்குப் பெயர் வேறு வாயிலில் காவலாளி போல் நின்று, 'செருப்பைக் கழற்று' என்கிறது.

விசுவநாதனின் முக்கோணங்களோ வேறு வகை. ஒன்று மற்றொன்றின் பாதையில் குறுக்கிடுகிறது. பளு ஒருபுறம் சாய, நிறம் அதை மறுபுறம் இழுக்கிறது. அமைதி உண்டு, அது இரு வலிமைகள் இழுத்து நின்ற அமைதி. கண் அங்கே உழைக்கிறது. உழைத்து விடை காண்கிறது. இதைத் தகடு என்று மயங்கிய நம் மாணவன் சிறிது நேரம் கூர்ந்து நோக்கியபின், "சார், இது ஒண்ண ஒண்ணு தள்ளுது" என்றான். அரைப் பக்கத் திறனாய்வு அந்த ஒரு சொல்லில் இருக்கிறது!

இவ்வளவு வேறுபட்ட இருவரையும் ஒரே கூடையில் போட்டு, 'புதிய தந்திரக் கலை' என்று சீட்டு ஒட்டினார்கள். எப்போது? அஜித் முகர்ஜியின் 'தந்திரக் கலை' என்ற நூல் 1966இல் வெளிவந்தது. 1971இல் இலண்டன் ஏவார்டு காட்சிக்கூடத்தில் தந்திரக் கலைக்கெனப் பெரிய கண்காட்சி நடந்தது. மேலைநாட்டு இளைஞர் கூட்டம் இந்திய மறைபொருளைத் தேடி அலைந்த காலம் அது. சந்தையிலே தேவை இருந்தது. சரக்குக்குப் பெயர் தேவைப்பட்டது. முக்கோணம் வரைந்தவனெல்லாம் தாந்திரிகன் ஆனான். வட்டம் வரைந்தவனெல்லாம் யோகி ஆனான். 1980க்குப் பின் எஸ்.எச். ராசா தம் வட்டத்துக்குப் 'பிந்து' என்று பெயரிட்டபோது, அப்பெயரே படத்தின் பாதி விளக்கமாகிவிட்டது.

மேனாட்டு ஓவியத்தின் நிழலாக வாழமாட்டோம், நம் மண்ணின் தன்மையைத் தேடுவோம் என்ற வேட்கை பணிக்கருக்கும் தோழர்களுக்கும் இருந்தது. அவ்வேட்கையை மதிக்கிறோம். ஆனால் கேட்கிறோம்: நம் மண்ணின் வடிவம் என்றால் யந்திரமும் ஜாதகமும் மட்டும்தானா? நெசவாளியின் தறியிலே கட்டம் இல்லையா? கொத்தனின் தூக்குக்குண்டிலே நேர்க்கோடு இல்லையா? மலைச்சரிவிலே உழைப்பாளி வெட்டிய படிவரிசையில் வடிவியல் இல்லையா? ஏலக்காய் சலிக்கும் சல்லடையின் வட்டத்துளைகள் வட்டமில்லையா? வடிவத்தைக் கண்டுபிடித்தவன் மனிதன். உரிமைப் பட்டயம் மட்டும் கடவுளுக்கா?

வாசலில் ஒரு கணக்கு

இவற்றையெல்லாம்விட அருகிலே, நாள்தோறும் நாம் மிதித்துப் போகும் வடிவியல் ஒன்று உண்டு. கோலம்!

புள்ளிகளைக் கணக்காக வை. புள்ளியைத் தொடாமல் வளைத்துச் செல். ஒன்றையும் விட்டுவிடாதே. புறப்பட்ட இடத்துக்கே கோடு திரும்பி வந்து சேரவேண்டும். இதுதான் சிக்குக் கோலத்தின் விதி. அளவுகோல் இல்லை, அழிப்பான் இல்லை, அரிசி மாவும் இரு விரலும்தாம். பள்ளியே போகாத பாட்டியும் இதைப் போடுகிறாள். 'இலட்சுமி வருவாள்' என்று சொல்லி அவளைக் குனியவைத்தது சமுதாயம். அவள் குனிந்து செய்தது என்ன? உயர்ந்த கணக்கு!

இது நாம் புகழ்ச்சிக்காகச் சொல்வதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் இராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974இல் கோலத்தைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் அமைக்கலாம். சில விதிகளை மாறிமாறிப் பொருத்தி ஒரு கோலத்தைப் பெருக்கிக்கொண்டே போகலாம் என்பதை அவர்கள் விளக்கினர். கணிப்பொறி அறிவியலில் அது ஒரு துறையாகவே வளர்ந்தது. மதச்சீட்டைக் கிழித்துவிட்டுப் பார்த்தபோது உள்ளே என்ன இருந்தது பார்த்தீர்களா? சீட்டு ஒட்டியிருந்தவரை அது சடங்கு. கிழித்தபின் அது அறிவு. போட்ட பெண்ணின் அறிவு!

முக்கோணம் தீட்டியவர் பெயர் நூலில் இருக்கிறது. கோலம் போட்டவள் பெயர் எங்கே இருக்கிறது? காலை வெயிலில் மாவோடு போயிற்று.

பெயரிடாத கோடு

'மதச்சீட்டு இல்லாவிட்டால் இந்திய ஓவியம் வெறுமையாகிவிடும்' என்று அஞ்சுவோருக்கு இரு பெண்களைச் சுட்டிக்காட்டுகிறோம்.

ஒருவர் நசுரீன் முகமதி. 1937இல் கராச்சியில் பிறந்தார், 1972 முதல் பரோடாவில் கலை கற்பித்தார், 1990இல் மறைந்தார். பென்சிலும் மையும் கொண்டு தாளில் மெல்லிய கோடுகள் இழுத்தார். இணைகோடுகள் நெருங்குகின்றன, விலகுகின்றன, சாய்கின்றன, ஓரிடத்தில் சட்டென்று நிற்கின்றன. கைகால் அசைவைக் குலைக்கும் நோய் அவரை வாட்டியது. அந்தக் கையால்தான் மயிரிழை பிசகாத கோடுகளை இழுத்தார். தம் படங்களுக்கு அவர் பெயரே வைக்கவில்லை. 'பிந்து' இல்லை, 'யந்திரம்' இல்லை, எதுவும் இல்லை. காண்பவனை நம்பினார்! 2016இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் தன் புதிய கிளையைத் திறந்தபோது தொடக்கக் கண்காட்சிகளுள் ஒன்று அவருடையது. பெயரில்லாத கோடு உலகை எட்டிற்று.

மற்றவர் சரீனா ஆசுமி. 1937இல் அலிகாரில் பிறந்து, அங்கே கணிதம் பயின்று, 2020இல் மறைந்தவர். 2001இல் அவர் செதுக்கிய மரக்கட்டை அச்சு ஒன்றில், தாளின் குறுக்கே கோணல்மாணலாய் ஒரு கருங்கோடு ஓடுகிறது. அது இந்தியாவையும் பாகிஸ்தானையும் பிரித்த எல்லைக் கோடு. பிணம் இல்லை, குருதி இல்லை, அழுகை இல்லை. ஒரு கோடு, அதற்குள் இலட்சக்கணக்கானோரின் வீடு இழந்த வரலாறு!

போடிக்காரனுக்கு அந்தக் கோட்டை விளக்க வேண்டுமா? 1956 நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் மாற்றி வரையப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. நம் தலைக்குமேல், மலைமுகட்டில், போடிமெட்டில் ஓடுகிறது அந்தக் கோடு. நாள்தோறும் அதைத் தாண்டித்தான் கூலிக்குப் போகிறாள் நம் தாய். கோடு என்பது அருவமா? அவளைக் கேளுங்கள்!

நம் கொடியைக்கூட எண்ணிப் பாருங்கள், தோழர்களே. கறுப்புத் துணியின் நடுவே சிவப்பு வட்டம். வாளில்லை, சிங்கமில்லை, தெய்வமில்லை. கறுப்பு நம்மேல் சுமத்தப்பட்ட இழிவு. சிவப்பு அதைப் போக்க எழும் முயற்சி. ஒரு செவ்வகம், ஒரு வட்டம், இரு நிறம். அருவ வடிவத்தின் ஆற்றலை நமக்கு வேறெவரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. 'புரியாத ஓவியம்' என்று புறந்தள்ளும் நம் தோழர்கள், நாள்தோறும் ஒன்றை ஏற்றி வைத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள்.

நாம் செய்யத்தக்கது

எனவே நம் முடிவு இது. வடிவியல் அருவ ஓவியம் தன்னளவில் பகுத்தறிவும் அன்று, மூடநம்பிக்கையும் அன்று. அது ஒரு காலி மூலை. அங்கே காண்பவனின் சிந்தனையைக் குடியேற்றும் ஓவியர் உண்டு; பழைய தெய்வத்தைக் கொல்லைவழியே அழைத்து வருபவரும் உண்டு. திறனாய்வாளன் கடமை இவ்விருவரையும் பிரித்துக் காட்டுவது. அதற்கு எளிய வழி ஒன்று சொல்வோம். பெயர்ப்பலகையைக் கையால் மறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். பெயரில்லாமல் நிற்கும் படம் நிற்கட்டும். பெயரைப் பிடுங்கினால் விழுந்துவிடும் படம், முதலிலேயே நின்றதில்லை. அரிதாசனின் படங்களுள்ளும் சில நிற்கும். பணிக்கரின் படங்கள் பல நிற்கும்.

இன்னொன்றும் வேண்டுகிறோம். உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் தலைவர்கள் படங்களுக்குப் பக்கத்தில் இத்தகைய ஓவியம் ஒன்றின் அச்சுப்படியை மாட்டுங்கள். கீழே பெயர் எழுதாதீர்கள். 'என்ன தெரிகிறது?' என்று மட்டும் கேளுங்கள். 'எனக்கு இப்படித் தெரிகிறது' என்று ஒருவன் வாய் திறந்து சொல்லிவிட்டால், 'பெரியவர்கள் சொன்னார்கள், அதனால் நம்பினேன்' என்பதிலிருந்து அவன் ஓரடி விலகிவிட்டான். ஒரு கூட்டத்தில் மூன்று மணி நேரம் பேசிப் பெறும் பயனை ஒரு முக்கோணத்தால் பெறலாம்.

நம் வகுப்பில் நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். வெண்டைக்காயை அறுத்து மையில் தோய்த்து அச்சுப் பதிப்பது பிள்ளைகள் அறிந்த விளையாட்டு. வெண்டைக்காய்க்குப் பதிலாக ஏலக்காயை அறுக்கச் சொன்னோம். தாள் முழுவதும் முக்கோணங்கள். மூன்று மூன்று அறைகளுடன் நூறு முக்கோணங்கள். தகடு வாங்கிய அந்தத் தாயின் மகளும் ஒன்று செய்து வீட்டுக்கு எடுத்துப் போனாள். மறுவாரம் அத்தாய் பள்ளிக்கு வந்திருந்தார். தாளைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாளெல்லாம் இதத்தான் எடுக்குறோம் சார். ஒரு நாளும் அறுத்துப் பாத்ததில்லையே" என்றார்.

தகடு அவர் வீட்டு நிலைப்படியில் இன்னும் தொங்குகிறது. நூற்றாண்டுகள் ஏற்றி வைத்தது ஒரு வாரத்தில் இறங்காது. ஆனால் அறுத்துப் பார்க்கலாம் என்பது அந்த வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. எதையும் அறுத்துப் பார்க்கலாம், தோழர்களே!